டியூனர் வாங்க அவசரப்படாதீங்க

லினக்ஸ் போட்ட மடிக்கணினிக்கு எந்த யூஎஸ்பி டீவி டியூனர் நல்லது என்ற கேள்வி எங்க வட்டத்துல அடிக்கடி வருது. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை பக்கம் இருந்து கேட்கிறவங்களுக்கு என் பதில் ஒன்று தான். டிஜிட்டல் டியூனர் எதையும் இப்போதைக்கு வாங்காதீங்க. சிப் சரியில்லை, டிரைவர் இல்லை என்பதெல்லாம் காரணம் இல்லை. பிடிப்பதற்கு சிக்னலே இல்லை.

இலங்கையில் அன்டெனா வழியாக வீட்டுக்கு வருகிற தொலைக்காட்சி இன்னும் அனலொக் தான், பழைய பால் முறை. ரூபவாஹினி, ஐடிஎன், நேத்ரா, வசந்தம், சக்தி எல்லாமே கூரைக்கு மேல கட்டின அலுமினியக் குச்சி அன்டெனாவுக்கு அந்த வடிவத்தில் தான் வந்து சேருது. ஒன்லைன் கடைகளில் "டிஜிட்டல் டீவி ஸ்டிக், லினக்ஸ் சப்போர்ட்" என்று படம் போட்டு விற்பதில் பெரும்பாலானவை டிவிபி-டி அல்லது டிவிபி-டி2 என்ற ஐரோப்பிய முறைக்கானவை. டிக்கோயா பக்கத்து நண்பன் ஒருத்தன் போன வருஷம் அப்படி ஒன்று வாங்கினான். லினக்ஸ் அதை உடனே அடையாளம் கண்டது, ஃபர்ம்வெயர் ஏறியது, கஃபைன் திறந்தது, ஸ்கேனும் கடைசி வரைக்கும் ஓடியது. கிடைத்த சனல்: பூச்சியம். அவன் இரண்டு கிழமையா லினக்ஸைத் திட்டிக்கொண்டு இருந்தான். பாவம் லினக்ஸ், அது தன் வேலையைச் சரியாத் தான் செய்தது.

சரி, இந்தியாவில் இருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா? அதுவும் உதவாது. தூரதர்ஷன் 2016 இல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது டிவிபி-டி2 முறையில். நாங்க போகப்போகிற வழி வேற. உலகத்துல இதுக்கு நாலைந்து முறைகள் இருக்கு: ஐரோப்பா, இந்தியாவுக்கு டிவிபி, அமெரிக்கா, தென்கொரியாவுக்கு ஏடிஎஸ்சி, சீனாவுக்கு டிடிஎம்பி, ஜப்பானுக்கு ஐஎஸ்டிபி-டி. ஜப்பானுடைய முறையைப் பிரேசிலும் தென்னமெரிக்காவின் பெரும்பகுதியும் பிலிப்பைன்சும் ஆபிரிக்காவில் பொட்ஸ்வானாவும் எடுத்துக்கொண்டன. 2014 இல் இலங்கையும் அதையே தெரிவு செய்தது. அந்த வருஷம் செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது இதுக்காக 1,370 கோடி யென் கடனுதவிக்கு இணக்கம் ஏற்பட்டது.

ஆக, ஹட்டனில் இருக்கிற ஒரு மாணவியின் மடிக்கணினியில் எந்த டியூனர் வேலை செய்யும் என்பதை அவள் தெரிவு செய்யவில்லை. அது கொழும்பிலும் டோக்கியோவிலும் கையெழுத்தான விஷயம். எந்த முறை சிறந்தது என்ற தொழில்நுட்பச் சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. மலையில் ஐஎஸ்டிபி-டி நல்லாவே வேலை செய்யும் என்று நம்பக் காரணங்கள் இருக்கு, அதைக் கீழே சொல்றேன். என் கோபம் வேற. கையெழுத்துப் போட்டு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல ஆட்சிகள் மாறின, 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது, ஜப்பானுடைய கடன் திட்டங்கள் எல்லாம் அப்படியே உறைந்தன. 2024 ஜூலையில் மறுபடி தொடங்கலாம் என்று ஜய்க்கா சொன்ன 11 திட்டங்களில் இந்த டிஜிட்டல் தொலைக்காட்சியும் ஒன்று. கொழும்பில் தாமரைக் கோபுரம் 2022 இலேயே பொதுமக்களுக்குத் திறந்தாச்சு. மேலே ஏறி நின்று செல்ஃபி எடுக்கலாம். டிஜிட்டல் டீவி மட்டும் இன்னும் வரல.

வரும்போது என்ன வாங்கலாம் என்று கேட்டால், அதற்கும் இப்பவே கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் ஐஎஸ்டிபி-டி ஆதரவு மோசமே இல்லை. சியானோ சிப்கள், டிப்கொம் நிறுவனத்தின் டிப்8000, புஜித்சுவின் எம்பி86ஏ20எஸ் ஆகியவற்றுக்கு கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கு. கடைசியாகச் சொன்ன டிரைவரை எழுதினவர் மௌரோ கார்வால்ஹோ செஹாப், பிரேசில்காரர். லினக்ஸ் கர்னலின் மீடியா பகுதியையே பல வருஷமாகப் பராமரிக்கிறவர். அவருடைய நாடு ஐஎஸ்டிபி-டிக்குப் போனது, அந்த முறைக்கு டிரைவர் வந்தது. டிவிபி பக்கம் பார்த்தால் அன்டி பலோசாரி என்ற பின்லாந்துக்காரர் ஏராளமான டிரைவர்களை எழுதி இருக்கிறார். பின்லாந்தில் டிவிபி. எங்கே யார் வீட்டு டீவிக்கு எது தேவையோ அதை அந்த ஊர் ஆள் உட்கார்ந்து எழுதி இருக்கிறார், நாங்க பிறகு சும்மா எடுத்துப் பயன்படுத்துறோம். எங்க ஊரில் இருந்து யாராவது ஒருத்தர் அந்தப் பக்கம் போனால் எவ்வளவு நல்லா இருக்கும் என்று யோசிப்பேன். கணினி விஞ்ஞானம் படிக்கிறவங்க இதை வாசிச்சா, உங்களுக்குத் தான் சொல்றேன்.

ஆனா ஒரு பொறி இருக்கு. ஜப்பானிலும் பிரேசிலிலும் பிலிப்பைன்சிலும் ஒரு சனலின் அகலம் 6 மெகாஹேர்ட்ஸ். எங்களுடைய யூஎச்எஃப் சனல்கள் 8 மெகாஹேர்ட்ஸ். ஐஎஸ்டிபி-டி முறையில் 6, 7, 8 மூன்றுக்கும் இடம் உண்டு, பொட்ஸ்வானா 8 தான் பாவிக்குது. ஆனா ஜப்பான் சந்தைக்காக மட்டும் செய்த ஸ்டிக் 8 ஐ ஏற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. "ஐஎஸ்டிபி-டி" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து இப்பவே வாங்கி வைக்காதீங்க என்று சொல்வது இதுக்குத் தான். பரீட்சார்த்த ஒளிபரப்பு தொடங்கி, அதைப் பிடித்துக் காட்டின மொடல் எது என்று தெரிந்த பிறகு வாங்கினால் போதும்.

ஜப்பானிடம் இருந்து நாங்க எடுக்கக் கூடாத ஒன்றும் இருக்கு. அங்கே இலவச சனல்களையே 2004 இல் இருந்து பூட்டிப்போட்டு, பி-காஸ் என்ற அட்டை இருந்தால் தான் படம் தெரியும் என்று வைத்தார்கள். லினக்ஸ் ஆட்கள் டியூனரோடு அட்டை வாசிக்கிற கருவியையும் சேர்த்து வாங்க வேண்டி வந்தது. பிரேசில் அந்தப் பூட்டை எடுத்துக்கொள்ளவில்லை. இலங்கையிலும் இலவச ஒளிபரப்பு பூட்டு இல்லாமல் வரணும் என்பதை இப்பவே, சத்தமா, தமிழிலும் கேட்கணும். பூட்டு வந்துவிட்டால் எந்த டியூனர் என்ற கேள்விக்கே அர்த்தம் போயிடும். அவங்க தருகிற பெட்டி மட்டும் தான்.

இனி மலைக்கு வருவோம். நாட்டின் உயரமான இடம் பிதுருதலாகலை, 2,524 மீற்றர், நுவரெலியா நகரத்துக்கு நேர் மேலே. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியபோது ஜப்பான் உதவியோடு பிரதான பரப்பி அங்கே தான் வைக்கப்பட்டது. தீவின் பெரும்பகுதிக்குப் படம் போனது எங்க தலைக்கு மேலே இருந்து. அதே மலையின் மடிப்புகளில், ஓடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இருக்கிற லயத்தில் படம் "பூச்சி" அடிக்கும். ஒளிபரப்பு அலைக்கு முகடு ஒரு சுவர். அலைநீளம் குறைந்த யூஎச்எஃப் அந்தச் சுவரைத் தாண்டி வளைந்து இறங்குவது இன்னும் கஷ்டம். அனலொக்கில் சிக்னல் குறைந்தால் படம் மங்கும், கோடு விழும், ஆனாலும் செய்தி வாசிக்கிற குரல் கேட்கும். அப்பாக்கள் கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்ப, உள்ளே இருந்து "ஆங், ஆங், இப்ப சரி!" என்று கத்துவது இந்தத் தலைமுறைக்கும் தெரிந்த காட்சி தான். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஒரு எல்லை வரைக்கும் கண்ணாடி மாதிரி படம், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. பூச்சிப் படத்தோடு இன்றைக்குச் சமாளிக்கிற டிவிஷன்கள் நாளைக்குக் கறுப்புத் திரையோடு உட்காரலாம்.

இதுக்கு மருந்து உண்டு. டிஜிட்டலில் பல சிறிய பரப்பிகளை ஒரே அலைவரிசையிலேயே நிறுத்தலாம், ஒன்றை ஒன்று குழப்பாது. ஒரு பள்ளத்தாக்குக்கு ஒன்று என்று வைத்தால் வேலை முடிஞ்சுது. ஐஎஸ்டிபி-டி இன்னும் ஒரு வசதி தருது. ஒரு சனலை 13 துண்டாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மட்டும் மிக உறுதியான முறையில், சின்னப் படமாக அனுப்பலாம். பெரிய படம் விழாத பள்ளத்திலும் அந்தச் சின்னப் படம் விழும். தொழில்நுட்பம் இதையெல்லாம் தருது. செலவழித்து வைப்பார்களா என்பது வேற கேள்வி, அதிலும் எந்த டிவிஷனுக்கு முதலில் என்பது இன்னும் வேற கேள்வி. தோட்டப் பாதை போட்ட வரலாறு தெரிந்தவங்களுக்கு என் சந்தேகத்தை விளக்கத் தேவையில்லை.

"அதான் வீட்டுக்கு வீடு டிஷ் இருக்கே?" என்பீங்க. உண்மை. லயத்துக் கூரைகளில் வரிசையா டிஷ். அதுக்கும் எங்க நிலத்துக்கும் ஒரு பொருத்தம் இருக்கு: இந்திய டிடிஎச் செய்மதிகள் நிற்கிற 93.5 பாகை கிழக்கு, ஹட்டனில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய 73 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. எந்த முகடும் மறைக்காது. அன்டெனா தோற்ற பள்ளத்தில் டிஷ் ஜெயித்தது இதனால் தான். ஆனா பல வீடுகளில் இருப்பது இந்தியாவில் ரீசார்ஜ் செய்கிற டிஷ். அதில் வசந்தமும் இல்லை, நேத்ராவும் இல்லை. மெரினாவில் மழை என்றால் பத்து நிமிஷத்தில் தெரியும். பக்கத்து டிவிஷனில் மண் சரிந்தது தெரிய வராது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா சூறாவளி வந்தபோது இது என்ன விலை என்று பார்த்தோம். 600 பேருக்கு மேல் இறந்தார்கள், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் தான் அதிகம் அடி வாங்கின. மின்சாரமும் போன், இன்டர்நெட்டும் பல இடங்களில் விழுந்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்துக்கு வரவில்லை என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுவதும், அது ஒரு கொழுந்து பறிக்கிற அம்மாவின் காதில் அவளுக்குப் புரிகிற மொழியில் விழுவதும் இரண்டு வேற வேற சம்பவங்கள்.

ஐஎஸ்டிபி-டியை நான் ஆதரிப்பது இந்த இடத்தில் தான். அதற்குள்ளேயே அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு என்ற ஏற்பாடு இருக்கு. சிக்னலில் ஒரு கொடி ஏறினால், அதற்காகச் செய்த பெட்டி அணைத்து வைத்திருந்தாலும் தானே விழித்து அலறும். நிலநடுக்கம், சுனாமிக்காக ஜப்பான் உருவாக்கியது. எந்தப் பிரதேசத்துக்கு என்பதையும் குறிக்கலாம். எச்சரிக்கைத் தகவல் டீவி தரவோட்டத்துக்குள்ளும் சேர்ந்து வருவதால், ஒரு பழைய மடிக்கணினியும் டியூனரும் இருந்தால் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிற மென்பொருளை யாரும் எழுதலாம். பற்றரியில் ஓடுகிற அப்படி ஒரு மெஷின் ஒரு வாசிகசாலையிலோ கோவிலிலோ இருந்து ஸ்பீக்கரில் தமிழில் கத்தினால் எப்படி இருக்கும்! எனக்கு லினக்ஸ் டியூனர் விஷயத்தில் ஆர்வம் வந்தது சீரியல் பார்க்க அல்ல. ஆனா இதெல்லாம் நடக்க இரண்டு விஷயம் முதலில் வேணும்: எச்சரிக்கை தமிழிலும் கட்டாயம் என்ற விதி, தோட்டக் குடும்பங்களுக்குப் பெட்டி இலவசம் அல்லது பெயரளவு விலை. நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஒரு செட்டப் பொக்ஸ் சின்னச் செலவு இல்லை. அனலொக்கை நிறுத்துகிற திகதியை அறிவிக்கும் முன்னால் இது இரண்டும் எழுத்தில் வரணும்.

சரி, இப்போதைக்கு ஒன்றுமே வாங்க முடியாதா என்றால், முடியும். எதற்கு என்பதைப் பொறுத்தது.

நான் சொல்ல நினைப்பது பதிவு செய்வதற்கு. கலைப்பீடத்தில் மலையகம் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுகிற ஒவ்வொருத்தருக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். சம்பளப் போராட்டம் நடந்த ஒரு நாளில் தமிழ்ச் செய்தி அதை எத்தனை நிமிஷம் சொன்னது, யாரைப் பேச வைத்தது, தொழிலாளியா தலைவரா என்று பார்க்க விரும்பினால் பழைய ஒளிபரப்பு கைக்குக் கிடைக்காது. யூடியூபில் துண்டு துண்டாக இருக்கும், திடீரென்று மறையும். பத்திரிகைக்கு சுவடிக்கூடம் இருக்கு. டீவிக்கு நாங்களே தான் செய்யணும்.

அதுக்கு மலிவான வழி டியூனரே இல்லை. ஈசிகேப் என்று சொல்லப்படுகிற, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் குத்துகிற யூஎஸ்பி கருவி. செட்டப் பொக்ஸின் ஏவி வெளியீட்டை இதில் கொடுத்தால் கணினிக்குள் படம் வரும். பழைய டெக், விசிடி பிளேயர் இருந்தாலும் சரி, அன்டெனா குத்தின டெக்கின் டியூனர் வழியாக வசந்தத்தையே பிடிக்கலாம். வாங்கும்போது கவனம்: ஒரே மாதிரி கறுப்பு உடம்புக்குள் நாலு வகை சிப் வருது. எஸ்டிகே1160 என்றாலும் யூடிவி007 என்றாலும் கர்னலில் டிரைவர் உண்டு, குத்தினவுடன் ஓடும். சொமாஜிக் என்றால் ஒதுங்குங்க, கர்னலில் அதற்கு டிரைவர் இல்லை. வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கடைக்குப் போகும்போது லினக்ஸ் லைவ் பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு போங்க. கடையில் இருக்கிற கணினியில் அதைப் பூட் செய்து, கருவியைக் குத்தி, எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தால் உண்மையான அடையாள எண் தெரியும். முதலாளி முகம் சுளிப்பார், பரவாயில்லை. எந்த டியூனருக்கும் இதே முறை தான், ஏன் என்றால் மொடல் பெயரை மாற்றாமல் உள்ளே சிப்பை மட்டும் மாற்றுவது இந்தத் தொழிலில் வழமை.

அன்டெனாவை நேரா குத்தக்கூடிய ஹைப்ரிட் டியூனர்களும் உண்டு. சிலவற்றில் லினக்ஸ் டிஜிட்டல் பக்கத்தை மட்டும் ஆதரிக்கும், அனலொக் பக்கம் ஊமையாக இருக்கும். எங்களுக்குத் தேவையானதே அந்த ஊமைப் பக்கம். அதனால் தவிர்க்கிறேன். செய்மதிக்கான யூஎஸ்பி டியூனரில் டிவிபிஸ்கை எஸ்960 க்குக் கர்னலிலேயே டிரைவர் இருக்கு, ஃபர்ம்வெயர் மட்டும் தனியாகப் போடணும். டிஷ்ஷுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியிருப்பதால் தனி அடெப்டரும் சேர்ந்து வரும். பூட்டு இல்லாத சனல்களுக்கு மட்டும் சரி. டயலொக் டீவி பூட்டுப் போட்டது, அதை இந்த வழியில் பார்க்க முடியாது.

கை அரிக்குது, எதையாவது டியூனர் என்று வாங்கியே ஆகணும் என்கிறவங்களுக்கு ஆர்டிஎல்2832யூ சிப் உள்ள மலிவு ஸ்டிக் பரவாயில்லை. டிவிபி-டி ஸ்டிக்காக எங்களுக்கு அது குப்பை. ஆனா 2012 இல் அதை மூல அலையை அப்படியே தருகிற ரேடியோவாகப் பாவிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள், மேலே சொன்ன பலோசாரிக்கு அதில் முக்கிய பங்கு. கர்னலின் டீவி டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டு எஃப்எம் முழுவதையும் கேட்கலாம், பதியலாம். தென்றல், சக்தி, சூரியன் எல்லாம் வரும். உருகுவே பல்கலைக்கழக ஆட்கள் ஐஎஸ்டிபி-டியை முழுக்க மென்பொருளிலேயே பிரித்தெடுக்கிற நிரல் ஒன்றை எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். இந்த ஸ்டிக் முழுச் சனலை அள்ளுகிற அளவுக்கு அகலம் இல்லை, அந்த ஒற்றைத் துண்டுக்குப் போதும்.

ஈசிகேப் வாங்கினவங்களுக்கு ஒரு கணக்கு. 720க்கு 576 படத்தைச் சுருக்காமல் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 75 ஜிகாபைட் போகும், இரண்டு நாளில் டிஸ்க் நிறையும். எஃப்எஃப்எம்பெக்கில் எச்264 ஆக, செக்கனுக்கு 2 மெகாபிட் என்று வைத்துச் சுருக்குங்க. அரை மணி நேரச் செய்தி 450 மெகாபைட்டில் முடியும், பழைய கோர் டூ டுவோவே தாங்கும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது முதலில் வருஷம், மாதம், திகதி, பிறகு சனல், பிறகு நேரம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் இருக்கு, அதை நம்பி முழு நிகழ்ச்சியை யூடியூபில் ஏற்ற வேண்டாம். வசந்தத்தை ஒருத்தர், நேத்ராவை ஒருத்தர், சக்தியை ஒருத்தர் என்று பிரித்துக்கொண்டால் மூன்று மடிக்கணினி போதும். சக்தியை நான் எடுக்கிறேன். மற்ற இரண்டுக்கும் ஆள் வேணும்.